வாசகர் கேள்வி – பதில்: பாகிஸ்தானில் ராணுவமும் இனச் சிறுபான்மையினரும்

பாகிஸ்தான் நாடாளுமன்றம் 2025 நவம்பரில் நிறைவேற்றிய 27ஆவது அரசமைப்புத் திருத்தம் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். முப்படைகளுக்கும் மேலான ஒரு புதிய பதவியை ராணுவத் தளபதிக்கு அத்திருத்தம் வழங்கியது. ஃபீல்ட் மார்ஷல் போன்ற உயர் தகுதி பெற்றவர்கள்மீது வாழ்நாள் முழுவதும் குற்ற வழக்குத் தொடர முடியாதபடியும் செய்தது. அந்தக் குறிப்பைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகன் அண்மையில்தான் தேசிய சேவையை முடித்தான். நம் சிங்கப்பூரிலும் ராணுவத்துக்கு மதிப்பும் நிதியும் குறைவில்லை. ஆனால் எந்தத் தளபதியும் அமைச்சரவையை ஆட்டிவைப்பதில்லை. பாகிஸ்தானில் மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், செம்பவாங்

கிராஞ்சி போர் நினைவகத்துக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். அங்குள்ள சுவர்களில், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மடிந்த பஞ்சாப் படைப்பிரிவு வீரர்களின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, சில இனங்களே போருக்குப் பிறந்தவை என்று ஆங்கிலேயர் முடிவுகட்டி, ஜீலம், ராவல்பிண்டி போன்ற பஞ்சாப் மாவட்டங்களிலிருந்தே பெருமளவில் ஆள் சேர்த்தனர். 1947இல் பாகிஸ்தான் பெற்றுக்கொண்ட படை அந்த வார்ப்பில் உருவானதுதான். நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இருந்த வங்காளிகளுக்கு அதில் மிகச் சிறிய இடமே இருந்தது.

அந்தப் படை கட்டுக்கோப்புடன் வந்து சேர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசியல் அமைப்போ எழும்பவே இல்லை. 1948 செப்டம்பரில் ஜின்னா மறைந்தார். 1951 அக்டோபரில் முதல் பிரதமர் லியாகத் அலி கான் ராவல்பிண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் அரசமைப்புச் சட்டம் வருவதற்கு 1956 ஆயிற்று. பொதுமக்கள் நேரடியாக வாக்களித்த முதல் நாடு தழுவிய தேர்தலோ 1970இல்தான் நடந்தது. இதற்கிடையே, 1954இல் தலைமை ஆளுநர் அரசமைப்பு மன்றத்தைக் கலைத்தபோது, பதவியிலிருந்த தளபதி அயூப் கான் பாதுகாப்பு அமைச்சராகவும் அமைச்சரவையில் உட்கார்ந்தார். அக்கலைப்பை 1955இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டத்துக்குப் புறம்பானதும் அவசியம் என்றால் சட்டபூர்வமாகிவிடும் என்ற ‘தேவைக் கோட்பாடு’ அந்த ஆண்டுகளில்தான் அங்கு வேர்பிடித்தது. 1958, 1977, 1999 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 1969இல் ஆட்சியைப் பிடித்த யாஹ்யா கானை மட்டும் ‘அபகரித்தவர்’ என்று அது தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு வந்தது 1972இல், அவர் பதவியிழந்த பிறகு.

இவற்றோடு, இந்தியா பற்றிய அச்சம், காஷ்மீர்ச் சண்டை, 1950களிலிருந்து அமெரிக்கா வழங்கிய ராணுவ உதவி, உரம், சிமெண்ட், வங்கி, வீட்டுமனை என்று விரிந்த ராணுவ அறக்கட்டளைகளின் வணிகம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. நம் நாட்டில் தளபதியாக இருந்தவர் அமைச்சராக விரும்பினால், சீருடையைக் கழற்றிவிட்டுத் தேர்தலில் நின்று வாக்காளரிடம் வர வேண்டும். பாகிஸ்தானில் அந்தக் கோட்டை எவரும் உறுதியாகப் போடவில்லை என்பதே என் கருத்து. இன்றுவரை அங்கு ஒரு பிரதமர்கூட ஐந்தாண்டு காலத்தை நிறைவு செய்ததில்லை.

கேள்வி: 1999இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் முஷாரஃப் 2008இல் விலகிய பிறகு தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றனவே. பிறகு ஏன் ராணுவத்தைக் குறை சொல்ல வேண்டும்? அரசியல்வாதிகளுக்குப் பொறுப்பில்லையா?
– வாசகர், செங்காங்

பொறுப்பு உண்டு, நிறைய உண்டு. பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீஃபின் வீழ்ச்சியை இம்ரான் கான் வரவேற்றார். 2018இல் இம்ரான் பதவிக்கு வந்தபோது ராணுவத்தின் ஆசி அவருக்கு இருந்ததை அப்போது அவருடைய கட்சியினர் குறையாகக் கருதவில்லை. ஆசி விலகியதும், 2022 ஏப்ரலில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் தோற்றார். 2023 மே 9 அன்று அவர் கைதானதைத் தொடர்ந்து ராணுவ நிலையங்கள் தாக்கப்பட்டன. பொதுமக்கள் பலர் ராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டனர். 2024 பிப்ரவரித் தேர்தலில் அவருடைய கட்சிக்கு மட்டைச் சின்னமே மறுக்கப்பட்டது. ஆயினும் சுயேச்சைகளாக நின்ற அதன் ஆதரவாளர்களே மற்றெந்தக் கட்சியையும்விட அதிக இடங்களில் வென்றனர். ஆட்சி அமைத்தவர்கள் வேறு.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது பாகிஸ்தான் மக்கள் கட்சியின் நிலை. அதன் நிறுவனர் சுல்ஃபிகர் அலி புட்டோ, 1977இல் அவரைக் கவிழ்த்த ஜெனரல் ஜியாவின் ஆட்சியில் 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், 45 ஆண்டுகள் கழித்து, கருத்துரைத்தது. அதே கட்சியின் வாக்குகளும் சேர்ந்துதான் 27ஆவது திருத்தம் நிறைவேறியது. அத்திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் பதவி விலகினர்.

கேள்வி: பிப்ரவரி 21 அன்று அனைத்துலகத் தாய்மொழி நாள் கொண்டாடுகிறோம். அதற்கும் பாகிஸ்தானுக்கும் தொடர்பு உண்டு என்று என் மாணவர் ஒருவர் கூறினார். விளக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தெம்பனிஸ்

உங்கள் மாணவர் சொன்னது சரியே. 1948 மார்ச்சில் டாக்கா சென்ற ஜின்னா, உருது மட்டுமே நாட்டின் அரசு மொழியாக இருக்கும் என்று அறிவித்தார். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நாட்டில் மிகச் சிறு பகுதியினர். வங்கமொழி பேசுவோரே பெரும்பான்மையினர். 1952 பிப்ரவரி 21 அன்று, வங்கமொழிக்கு உரிமை கேட்டு டாக்காவில் திரண்ட மாணவர்கள்மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அந்த நாளைத்தான் யுனெஸ்கோ 1999இல் தாய்மொழி நாளாக அறிவித்தது. சென்னை மாநிலத்தின் மொழிப்போராட்டத்தை அறிந்த நமக்கு, மொழிக்காக மாணவர்கள் உயிர் துறப்பார்களா என்ற ஐயம் எழ வாய்ப்பில்லை.

1956 அரசமைப்புச் சட்டம் வங்கமொழியையும் அரசு மொழியாக ஏற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே மேற்குப் பகுதியின் மாகாணங்கள் அனைத்தையும் ஒரே அலகாகக் கரைத்து, கிழக்கின் மக்கள்தொகை வலிமையை ஈடுகட்ட வழிசெய்திருந்தனர். பஞ்சாபி, சிந்தி, பஷ்தூ, பலூச்சி பேசும் நிலங்கள் 1970 வரை தம் பெயரை இழந்து ‘மேற்குப் பாகிஸ்தான்’ ஆயின. வங்காளிகளைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு சிந்தியரையும் பலூச் மக்களையும் சேர்த்தே காயப்படுத்தியது.

1970 டிசம்பர்த் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக், கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்றது. 300 தொகுதிகள் கொண்ட மன்றத்தில் அதுவே அறுதிப் பெரும்பான்மை. ஆட்சியை ஒப்படைப்பதற்குப் பதிலாக 1971 மார்ச் 25 இரவு டாக்காவுக்குள் ராணுவம் ஏவப்பட்டது. பல்கலைக்கழக விடுதிகளிலேயே மாணவர்களும் ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு அகதிகளாக ஓடினர். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, சிறைப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர். நாட்டின் பெரும்பான்மை இனமே பிரிந்துபோக நேர்ந்தது. அவர்கள் கேட்டிருந்தது தன்னாட்சி. அதையும் வாக்குச்சீட்டு வழியாகவே கேட்டிருந்தனர். உங்கள் மாணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கையில் புகைப்படங்களுடன் பலூச் பெண்கள் நடந்துபோகும் காணொளி ஒன்றைக் கண்டேன். கிளிநொச்சியில் என் அத்தை இப்படித்தான் மகனின் படத்தோடு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் ஒப்பிடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

உங்கள் கடிதத்தை எங்களால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லே ஈழத் தமிழர் பட்ட துயரத்திலிருந்து நம் மொழியில் நிலைபெற்றது. ‘காணாமற்போனோர்’ என்றால் யாரும் பொறுப்பாளி இல்லை என்று ஆகிவிடும் என்பதால், ‘ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்ல வேண்டும் என அத்தாய்மார் வற்புறுத்தினர். பலுசிஸ்தானுக்கும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

பலுசிஸ்தான் பாகிஸ்தானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடு. மக்கள்தொகையிலோ மிகச் சிறிய மாகாணம். 1948 மார்ச்சில் கலாத் சமஸ்தானம் பாகிஸ்தானுடன் இணைந்த முறையே கசப்போடு தொடங்கியது. 1952இல் சுயியில் பெரும் எரிவாயு வளம் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது கராச்சியின் ஆலைகளுக்குப் போனது. மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கு வந்து சேர 1980கள் ஆயின. 1973இல் அத்தாவுல்லா மெங்கலின் மாகாண அரசை மத்திய அரசு கலைத்ததும் எழுந்த கிளர்ச்சியை, தேர்தலில் வென்று வந்த புட்டோவே ராணுவத்தை ஏவி ஒடுக்க முற்பட்டார். முன்னாள் ஆளுநரும் பழங்குடித் தலைவருமான நவாப் அக்பர் புக்டி, 2006 ஆகஸ்ட் 26 அன்று ராணுவ நடவடிக்கையில் கொல்லப்பட்டார். மலைகளில் தனியாக மூண்டெழுந்துகொண்டிருந்த நெருப்பு, அதன் பிறகு கல்லூரி மாணவர்களிடமும் பரவியது.

ஆட்கள் கடத்தப்படுவதும், சிலர் சித்திரவதைத் தடயங்களுடன் பிணமாக வீசப்படுவதும் அந்தக் காலகட்டத்தில்தான் பெருகின. மகனைப் பறிகொடுத்த மாமா கதீர் என்ற முதியவர், 2013 அக்டோபரில் குவெட்டாவிலிருந்து புறப்பட்டுக் கராச்சி வழியாக இஸ்லாமாபாத்துக்கு, 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைப் பெண்களும் சிறுவர்களும் உடன்வர நடந்தே கடந்தார். பலுசிஸ்தான் பற்றிய கலந்துரையாடல் ஒன்றைக் கராச்சியில் தம் அரங்கில் நடத்திய சபீன் மஹ்மூத், 2015 ஏப்ரல் 24 அன்று நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நீங்கள் கண்ட காணொளி 2023 டிசம்பரில் துர்பத் நகரிலிருந்து இஸ்லாமாபாத்துக்குச் சென்ற பயணமாக இருக்கலாம். காவலில் இருந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்துத் தொடங்கிய அந்தப் பயணத்தை, மஹ்ரங் பலூச் என்ற இளம் மருத்துவர் முன்னின்று நடத்தினார். அவருடைய தந்தையும் கடத்தப்பட்டவர். 2011இல் அவருடைய உடல்தான் கிடைத்தது. தலைநகரில் கடுங்குளிரில் அவர்களை வரவேற்றவை தண்ணீர்ப் பீரங்கிகளும் கைதுகளும். 2025 மார்ச்சில் மஹ்ரங் கைதுசெய்யப்பட்டார்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2024 ஆகஸ்ட் 26 அன்று, புக்டியின் நினைவு நாளில், முசாகேல் பகுதியில் ஆயுதக்குழுவினர் வாகனங்களை நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பெரும்பாலும் பஞ்சாபியரான 23 பேரைச் சுட்டுக் கொன்றனர். 2025 மார்ச்சில் ஜாஃபர் விரைவு ரயிலைக் கடத்தினர். பிழைப்புக்காக வந்த கூலித்தொழிலாளியை அவருடைய இனத்துக்காகக் கொல்வதை எந்த உரிமைப் போராட்டத்தின் பெயராலும் ஏற்க முடியாது. ஆனால் அரசு செய்யும் பெருந்தவறு, துப்பாக்கி ஏந்தியவரையும் புகைப்படம் ஏந்தியவரையும் ஒரே பட்டியலில் வைப்பது. சாலையில் நின்று பேசுவோரைச் சிறைக்கு அனுப்பிய பிறகு, பேச்சுவார்த்தைக்கு யாரை அழைப்பார்கள்?

வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கும் மசோதா ஒன்று 2021 நவம்பரில் பாகிஸ்தான் தேசிய மன்றத்தில் நிறைவேறியது. மேலவைக்கு அனுப்பப்பட்ட அந்த மசோதாவே காணாமற்போய்விட்டதாக, அன்றைய மனித உரிமை அமைச்சர் ஷிரீன் மசாரி 2022 தொடக்கத்தில் தெரிவித்தார்.

ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரு நாடுகளின் வரலாறும் போரின் தன்மையும் வேறு வேறு. எனினும் உங்கள் அத்தை கேட்பதையும் அந்தப் பெண்கள் கேட்பதையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்: உயிரோடு இருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் உண்மையைச் சொல்லுங்கள். அத்தைக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

கேள்வி: பஷ்தூன்கள் என்றாலே தாலிபான்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு என்ன குறை?
– வாசகர், பிடோக்

அந்த நினைவே அவர்களுடைய குறைகளுள் ஒன்று. ‘எல்லை காந்தி’ என்று நம் தாத்தாக்கள் போற்றிய கான் அப்துல் கஃபார் கான் ஒரு பஷ்தூன். அவருடைய தொண்டர்கள்மீது, சுதந்திரம் கிடைத்து ஓராண்டு முடிவதற்குள், 1948 ஆகஸ்ட் 12 அன்று பாப்ராவில் பாகிஸ்தானின் சொந்தப் படையினரே துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஆப்கன் எல்லையோரப் பழங்குடிப் பகுதிகளிலோ, ஒருவர் குற்றத்துக்கு அவருடைய குலத்தையே தண்டிக்க இடமளித்த 1901ஆம் ஆண்டுக் காலனிச் சட்டம் 2018 வரை நீடித்தது.

1980களில் ஆப்கன் போருக்காக அந்த மலைகளில் ஆயுதங்களைக் குவித்தனர். பின்னர், அங்கு பதுங்கியோரை அழிப்பதற்கென்று அதே மலைகளில் படை நடத்தினர். இரண்டு முறையும் அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 2018 ஜனவரியில், வசிரிஸ்தானைச் சேர்ந்த நகீபுல்லா மெஹ்சூத் என்ற இளைஞரைக் கராச்சிக் காவல்துறை பயங்கரவாதி என்று கூறிச் சுட்டுக் கொன்றது; அவர் குற்றமற்றவர் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தச் சாவிலிருந்து மன்சூர் பஷ்தீன் தலைமையில் பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம் எழுந்தது. கண்ணிவெடிகளை அகற்றுங்கள், சோதனைச் சாவடிகளில் இழிவுபடுத்தாதீர்கள், கடத்தப்பட்டோரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள் என்பவையே அதன் கோரிக்கைகள். ஆயுதம் ஏந்தாத அந்த இயக்கத்தை 2024 அக்டோபரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அரசு தடைசெய்தது.

கேள்வி: குவாதர் துறைமுகத்தைச் சிங்கப்பூர் நிறுவனம் நடத்தியது உண்மையா?
– வாசகர், பாசிர் பாஞ்சாங்

உண்மைதான். 2007இல் பிஎஸ்ஏ நிறுவனம் 40 ஆண்டுக் குத்தகையில் அதை இயக்கும் பொறுப்பை ஏற்றது. எதிர்பார்த்தபடி துறைமுகம் வளரவில்லை, 2013இல் பொறுப்பு ஒரு சீன நிறுவனத்துக்கு மாறியது. பலுசிஸ்தான் கரையில் உள்ள குவாதர், 1958இல் ஓமானிடமிருந்து பாகிஸ்தான் விலைகொடுத்து வாங்கிய ஊர். ஆழ்கடல் துறைமுகம் வந்த பிறகும் அங்குள்ள மீனவர்கள் குடிநீருக்காகவும், தங்கள் கடலை வாரிச்செல்லும் இழுவைப் படகுகளுக்கு எதிராகவும் 2021இல் வாரக்கணக்கில் மறியல் செய்ய நேர்ந்தது. துறைமுகத் தொழிலின் அருமை அறிந்த நம் ஊர் வாசகர்களுக்கு, துறையையொட்டி வாழ்பவர்களுக்கு அதில் வேலையும் பங்கும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: பலுசிஸ்தானில் பிராகுயி என்ற திராவிட மொழி பேசுவோர் இருக்கிறார்களாம். அப்படியென்றால் அவர்கள் நம் இரத்த உறவினர் அல்லவா? தமிழர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டாமா?
– கல்லூரி மாணவர், ஜூரோங்

மொழியுறவு மெய்யானது. பிராகுயியிலும் ‘நீ’ என்றால் நீதான். இரண்டுக்கு ‘இரட்’, மூன்றுக்கு ‘முசிட்’ என்கிறார்கள். 2023 கணக்கெடுப்பின்படி 24 கோடி மக்களில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர் அம்மொழியினர். ஆனால் மொழிக்குடும்பத்தை இரத்த உறவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிராகுயி பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் தம்மைப் பலூச் என்றே கருதுகின்றனர். கலாத்தை ஆண்ட கான்களும் பிராகுயியரே. தமிழுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் அவர்களுக்குப் பரிந்து பேசினால், அதே சிறையில் வாடும் பஷ்தூனுக்கும், 2013 ஜனவரியில் குவெட்டாவில் குண்டுவெடிப்பில் இறந்த உறவினரைப் புதைக்க மறுத்து உறைபனியில் அமர்ந்திருந்த ஷியா சிறுபான்மையினரான ஹசாராக்களுக்கும் என்ன பதில் சொல்வோம்?

அம்மொழிக்காகவே ஏதேனும் செய்ய விரும்பினால், பலுசிஸ்தான் சட்டமன்றம் 2014இல் பிராகுயி, பலூச்சி உள்ளிட்ட தாய்மொழிகளைத் தொடக்கப்பள்ளியில் கூடுதல் பாடமாக்கி இயற்றிய சட்டத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். நான்கு அரசு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில் வளர்ந்த உங்களுக்கு, சட்டத்தில் இடம்பெறுவதற்கும் வகுப்பறைக்குள் ஆசிரியரும் பாடநூலும் வந்து சேர்வதற்கும் எவ்வளவு தொலைவு என்பது தெரிந்திருக்கும். பிராகுயியில் மூன்று வரையிலான எண்களுக்கு மட்டுமே சொந்தச் சொற்கள் எஞ்சியுள்ளன. நான்கிலிருந்து அண்டை மொழிச் சொற்களிலேயே அவர்கள் எண்ணுகிறார்கள்.